வார்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சத்திரம்



இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். மனநோய் முற்றி மருத்துவமனையில் சில வாரம் இருந்த ஒருவரிடம், "இனி நீங்க வார்டுல இருக்க வேண்டியதில்ல" என்று டாக்டர் சொல்கிறார். நல்ல செய்திதான். ஆனால் அவர் இன்னும் முழுசாகத் தேறவில்லை. மாத்திரையை யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. எம்ஆர்டியில் கூட்டத்தைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. வீட்டில் அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர் எங்கே போவார்?

மனநோய் என்றதும் நமக்குத் தோன்றுவது இரண்டே இடங்கள்: ஒன்று மருத்துவமனை, இன்னொன்று வீடு. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. கொஞ்ச காலம் மட்டும் தங்கி, பழக்கப்பட்டவர்களின் துணையோடு தேறி, பிறகு தன் வாழ்க்கைக்குத் திரும்பிப் போகும் இடம். சமூகத்துக்குள்ளேயே இருக்கும் குறுகிய காலத் தங்கல் பராமரிப்பு என்று இதைச் சொல்லலாம். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, அதில் நமக்கு என்ன பங்கு என்பதுதான் இன்றைய பாடம்.

1. இது ஏன் நம் வயதுக்காரர்களின் விஷயம்?

சிங்கப்பூரில் 15 முதல் 35 வயது வரையிலான இளையர்களிடம் மனநலக் கழகம் எடுத்த தேசிய ஆய்வின் முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் இவற்றில் ஏதாவது ஒன்றின் கடுமையான அல்லது மிகக் கடுமையான அறிகுறிகள் தங்களுக்கு இருப்பதாக ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சொல்லியிருந்தார். நம் வாராந்திரக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தால், அதில் பத்துப் பேர் அப்படி இருக்கலாம்.

இவர்களில் பெரும்பாலோருக்கு எங்கேயும் போய்த் தங்க வேண்டிய தேவை வராது. பேச ஒருவர், நல்ல தூக்கம், தேவைப்பட்டால் ஆலோசனை, சிகிச்சை என்று வீட்டிலிருந்தபடியே தேறிவிடுவார்கள். ஆனால் ஸ்கீசோஃப்ரினியா, இருதுருவ மனநோய் போன்ற கடுமையான நோய்கள் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான். தேசிய சேவை, பல்கலைக்கழகம், முதல் வேலை, எல்லாம் வந்து குவியும் அதே வயது. "இதெல்லாம் பெரியவங்க விஷயம்" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகமான காலம். தற்கொலை எண்ணம் திரும்பி வருவதும், மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி வார்டுக்கே போவதும் இந்தக் காலத்தில் அதிகம் நடக்கின்றன. வீட்டாரோ, "டிஸ்சார்ஜ் ஆயிட்டான், குணமாயிட்டான்" என்று நினைத்து மூச்சு விடுவது அதே வாரங்களில்தான். நடுவே ஓர் இடம் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

2. சத்திரம் என்ற நம் பழைய ஏற்பாடு

இந்த யோசனை வெளியிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு நடந்து போன யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அதில் பெயர்பெற்றது. வழிப்போக்கருக்கு அங்கே சாப்பாடும் தங்க இடமும் கிடைத்தன. நோயோடு வந்தவருக்கு வைத்தியமும் கிடைத்தது.

சத்திரத்துக்குச் சில குணங்கள் உண்டு. அங்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. யாரையும் பூட்டி வைப்பதுமில்லை. "ஏன் களைச்சுப் போன?" என்று யாரும் விசாரணை நடத்துவதில்லை. தெம்பு வந்ததும் மூட்டையை எடுத்துக்கொண்டு தன் வழியில் போகலாம். சத்திரத்தில் தங்கியதால் ஒருவருடைய மானம் போய்விட்டது என்று யாரும் சொன்னதும் இல்லை. நடை நீளம், உடம்பு களைத்தது, கொஞ்சம் இளைப்பாறினார், அவ்வளவுதான்.

மனநோயை நோய் என்று பார்ப்பதும் நம் மரபுக்குப் புதிதல்ல. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை உன்மாதம் என்ற பெயரில் இதற்குத் தனி அதிகாரங்கள் ஒதுக்கி, காரணங்களும் சிகிச்சைகளும் சொல்கிறது. நீரிழிவு வந்தவரிடம் "போன பிறவியில என்ன பண்ணீங்க, அங்கிள்?" என்று கேட்கிறோமா? மனநோய் வந்தவர்மேல் மட்டும் கர்மாவைச் சுமத்துவது சரியில்லை. கர்மா என்பது என் செயலை நான் சோதித்துப் பார்க்க உதவும் தத்துவம். அடுத்தவர் படும் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுதும் உரிமையை அது நமக்குத் தரவில்லை.

3. சிங்கப்பூர் நடந்து வந்த பாதை

சிங்கப்பூரின் முதல் மனநோய் மருத்துவமனை 1841-இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில் முப்பது படுக்கைகளோடு அமைந்தது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். 1862-இல் அது கண்டாங் கெர்பாவ் பக்கம், நம் லிட்டில் இந்தியாவின் ஓரத்துக்கே வந்தது. 1887-இல் சிப்பாய் லைன்ஸுக்கு மாறியது. 1928-இல் ஊருக்கு வெகு தொலைவில் இருந்த இயோ சூ காங் சாலையில் பெரிய மருத்துவமனை கட்டினார்கள். 1951-இல் அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். 1993-இல் புவாங்கோக்கில் புதிய வளாகத்துக்குக் குடியேறி, இன்றைய மனநலக் கழகமாக வளர்ந்தது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் "உட்பிரிட்ஜ்" என்ற பெயரே வசைச்சொல்லாக இருந்தது. மருத்துவமனை மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஊருக்கு வெளியே ஓர் இடம், போனவர் எப்போது வருவார் என்று தெரியாது, வந்தாலும் பேசக் கூடாது. பெயரில் ஒட்டிக்கொண்டது அந்த மௌனம்தான். இன்றும் சில வீடுகளில் பிள்ளை வார்டில் இருந்தால் வெளியே சொல்வது என்ன? "அவன் ஊருக்குப் போயிருக்கான்." திரும்பி வந்ததும் அந்தப் பிள்ளை என்ன செய்ய வேண்டியிருக்கிறது தெரியுமா? தன் நோயோடு சேர்த்து, போகாத ஊரின் கதையையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

இப்போது பாதை திரும்பியிருக்கிறது. மருத்துவமனையை நம்பியே எல்லாம் என்ற நிலை மாறி, சிகிச்சையும் ஆதரவும் குடியிருப்புப் பேட்டைகளுக்குள் வருகின்றன. 2023 அக்டோபரில் வெளியான தேசிய மனநல, நல்வாழ்வு உத்தியின் போக்கும் அதுதான்.

4. டிரிப் ஆன வீடு: உள்ளே என்ன நடக்கிறது?

நான் படிப்பது எலக்ட்ரிக்கல் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். வீவக வீட்டில் கரண்ட் டிரிப் ஆனால் என்ன செய்வோம்? ஏர்கான், வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஓடும்போதே மெயினைத் தூக்கினால் அது மறுபடி கீழே விழும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் மெயின், பிறகு விளக்கு, பிறகு மின்விசிறி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பழுது எதில் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். பிரேக்கர் விழுந்தது அதன் குற்றமில்லை. வீடு எரியாமல் காப்பாற்றத்தான் அது விழுந்தது.

குறுகிய காலத் தங்கல் இல்லம் செய்வது இந்த வேலையைத்தான். மருத்துவமனையில் எல்லாச் சுமையும் அணைக்கப்பட்டிருக்கும். சமையல் இல்லை, கணக்கு இல்லை, முடிவெடுப்பது இல்லை. வீட்டிலோ எல்லாச் சுமையும் ஒரே நாளில் ஏறிவிடும். நடுவில் இருக்கும் இல்லத்தில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள்.

முதலில் நேரம்: எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, தூங்குவது. அடுத்து மாத்திரை. ஆரம்பத்தில் ஊழியர் எடுத்துக் கொடுப்பார். பிறகு தானே எடுப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு வார மாத்திரையைத் தானே டப்பாவில் பிரித்துவைக்கப் பழகுவார். பிறகு துணி துவைப்பது, சமைப்பது, பக்கத்துக் கடையில் சாமான் வாங்குவது, தனியாக எம்ஆர்டியில் போய் வருவது. கூடவே ஆலோசனை, குழுப் பேச்சு, வேலைக்கான பயிற்சி. நோய் திரும்புவதற்கு முன் வரும் அடையாளங்களை (தூக்கம் குறைவது, சாப்பாட்டை வெறுப்பது, யாரோ பின்தொடர்கிற மாதிரி தோன்றுவது) தானே கண்டுகொள்ளவும் அங்கே பழகுகிறார்கள். வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஏனென்றால் திரும்பிப் போகும் வீடும் தயாராக வேண்டும்.

உலகத்தில் இதைப் பல விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1971-இல் லோரன் மோஷர் என்ற மனநல மருத்துவர் சொட்டீரியா என்ற இல்லத்தைத் தொடங்கினார். அது ஒரு சாதாரண வீடு. ஒரே சமயத்தில் சிலர் மட்டும் தங்கினார்கள். லண்டனில் 1995-இல் டிரேய்ட்டன் பார்க்கில் பெண்களுக்கென்றே ஒரு நெருக்கடிக்கால இல்லம் திறந்தது. வார்டில் சேர்க்கும் நிலைக்கு வந்த பெண்கள், வார்டுக்குப் போகாமலே அங்கே சில வாரம் தங்கித் தேறலாம். ஆக, இப்படிப்பட்ட இல்லத்துக்கு இரண்டு வாசல்கள்: மருத்துவமனையிலிருந்து இறங்கி வருபவருக்கு ஒன்று, மருத்துவமனைவரை போகாமல் தடுக்க ஒன்று.

5. கோயிலில் ஒரு மண்டலம்: கற்றதும் சுட்டதும்

"இதுக்கு எதுக்கு இல்லம்? கோயில்ல கொண்டுபோய் விட்டா சரியாயிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதைச் சிரித்து ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நிதானமாகப் பார்க்கலாம்.

திருச்சி பக்கத்தில் காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில், மனநோய் உள்ளவர்கள் 48 நாள், அதாவது ஒரு மண்டலம், தங்கி வழிபடும் வழக்கம் உண்டு. கோயிலை ஒட்டி மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. அங்கே நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, கூட வீட்டார் இருக்கிறார்கள், முடியும் தேதியும் இருக்கிறது. நாம் மேலே பார்த்த இல்லத்தின் குணங்களில் பல இங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதை ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அவர்கள் சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து கொடுக்கவில்லை, பெரிய சடங்கும் இல்லை. காலையில் சிறிது நேரம் வழிபாடு, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள். வீட்டார் கூடவே தங்கினார்கள். கடைசியில் நோய் அறிகுறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது.

இதை எப்படிப் படிக்க வேண்டும்? 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. அதனால் "மாத்திரை வேண்டாம்" என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அன்பான இடம், ஒழுங்கான நாள், கூட ஒரு மனிதர், செய்ய ஒரு வேலை, இவையும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதைத்தான் காட்டுகிறது. மாத்திரையோடு இவையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடிக்கு எல்லா மதத்தவரும் மனநோய் உள்ளவர்களை அழைத்துப் போவார்கள். அங்கே சிலர் தனியார் காப்பகங்கள் நடத்திவந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை அப்படி ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே வேண்டுதலோடு மருத்துவரும் மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது.

அங்கே பிள்ளைகளை விட்டவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பலர் வேறு வழி தெரியாமல் விட்டவர்கள். நடுவில் ஒரு நல்ல இடம் இல்லாதபோது, அந்த வெற்றிடத்தில் கெட்ட இடம் முளைத்துவிடுகிறது. தங்குமிடம் நல்லதா கெட்டதா என்று பார்க்க ஏர்வாடி நமக்குக் கற்றுத்தரும் கேள்விகள் இவை: தங்குபவருக்கு வெளியே போகும் உரிமை இருக்கிறதா? மருத்துவர் பார்க்கிறாரா? அரசு உரிமம் இருக்கிறதா? எப்போது திரும்புவார் என்ற திட்டம் இருக்கிறதா? வழிபாடு நடக்கும் இடமானாலும் சரி, இந்தக் கேள்விகளைக் கேட்பது பக்திக்குக் குறைவில்லை.

6. சிங்கப்பூரில் வழி எது?

இங்கே மனநல மறுவாழ்வு இல்லங்கள், மனநலப் பாதுகாப்பு இல்லங்கள், பகல்நேர நிலையங்கள் என்று பல படிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் சமூகச் சேவை அமைப்பு நடத்தும் ஹவ்காங், சீமெய் பராமரிப்பு நிலையங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. 1968-இல் தொடங்கிய சிங்கப்பூர் மனநலச் சங்கம் புக்கிட் கோம்பாக்கில் குழு இல்லங்களை நடத்தியிருக்கிறது. தேறியவர்கள் சிலர் சேர்ந்து சாதாரண அடுக்குமாடி வீட்டில் வாழும் ஏற்பாடு அது.

இந்த இல்லங்களுக்கு நாமாகப் பெட்டியோடு போய் நிற்க முடியாது. சிகிச்சை தரும் மருத்துவரோ மருத்துவ சமூக சேவையாளரோ பரிந்துரைக்க வேண்டும். ஏஐசி என்ற ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு இடம் பார்த்துக் கொடுக்கும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து மானியம் உண்டு. வார்டில் இருக்கும்போதே, "வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நடுவுல தங்க இடம் ஏதாவது இருக்கா?" என்று சமூக சேவையாளரிடம் கேட்கலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தாலே பல குடும்பங்களின் பாரம் குறையும்.

இன்னும் ஆரம்பத்திலேயே இருப்பவர்கள் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம். 16 முதல் 30 வயதுக்காரர்களுக்கென்று சாட் சேவை இருக்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவித் தொடர்பு 1771. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எஸ்ஓஎஸ் 1767. மனநலக் கழகத்தின் 24 மணிநேர எண் 6389 2222. உடனடி ஆபத்தென்றால் 995.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றம் இல்லை. "வேலை கிடைக்காதே" என்ற பயமும் உண்டு. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதற்கு எதிராகப் பாதுகாப்பு தருவதற்காக இயற்றப்பட்டது. இவ்விரண்டையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் பயப்படுவதில் பாதி, பழைய தகவலால் வந்த பயம்.

7. காவடிக்குப் பக்கத்தில் நடப்பவர்கள்

தைப்பூசத்தன்று ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி எடுத்துப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் பக்கத்தில் நடப்பவர்களையும் பாருங்கள். ஒருவர் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார். ஒருவர் உட்கார முக்காலி தூக்கி வருவார். இன்னொருவர் பாடி உற்சாகப்படுத்துவார். காவடியை அவர்கள் வாங்கித் தூக்குவதில்லை, அது அவருடையது. ஆனால் அவரைத் தனியாக நடக்கவும் விடுவதில்லை.

காவடி நேர்ந்துகொண்டு எடுப்பது. நோய் யாரும் கேட்டு வாங்குவதில்லை. அதனால் ஒப்புமையை அதற்கு மேல் நீட்ட வேண்டாம். ஆனால் பக்கத்தில் நடக்கும் கலை நமக்கு நன்றாகவே தெரியும். சில வாரம் காணாமல் போன நண்பர் திரும்பி வரும்போது, அந்தக் கலையை இங்கே காட்டலாம்.

"எங்க போயிருந்த? என்ன ஆச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்காமல், "வந்தியா, வா, சாப்டலாம்" என்று சொல்லுங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், சொன்னதைக் குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். முன்பு அவர் மேடை ஏறிப் பேசியவர் என்றால், வந்த வாரமே மேடையைக் கொடுக்காதீர்கள். அன்னதான வரிசையில் உங்கள் பக்கத்தில் நின்று பாயசம் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சுவிட்ச். "சாமி கும்பிடுறல்ல, மாத்திரை எதுக்கு?" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. விபூதியும் மாத்திரையும் சண்டை போட்டுக்கொள்வதில்லை, நாம்தான் மூட்டிவிடுகிறோம்.

நம் சமூகத்துக்கு இடைநிலை இல்லம் தெரியாததும் இல்லை. இந்து அறக்கட்டளை வாரியம் ஆசிரமம் என்ற பெயரில், போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கு ஒரு பாதிவழி இல்லம் நடத்துகிறது. ஸ்ரீ நாராயண மிஷன் இனம், மதம் பார்க்காமல் முதியவர்களைப் பராமரிக்கிறது. மனநல இல்லங்களும் தொண்டூழியர்களை எதிர்பார்க்கின்றன. தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பாட்டியோ, வெளிநாட்டு ஊழியரின் மொழியில் இரண்டு வார்த்தை பேசக் கேட்கும் ஒருவரோ எங்கே இருந்தாலும், அங்கே தமிழ் பேசும் இளையருக்கு வேலை இருக்கிறது.

கலந்து பேச

1. மருத்துவமனை, தங்கல் இல்லம், வீடு: மூன்றும் ஒருவருக்குத் தரக்கூடியது என்ன, தர முடியாதது என்ன? ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்.

2. குணசீலம், ஏர்வாடி இரண்டிலும் நம்பிக்கையோடுதான் மக்கள் வந்தார்கள். ஒரு வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய பராமரிப்பு நல்லபடி நடக்க எவையெல்லாம் கட்டாயம் வேண்டும்?

3. உங்கள் வீட்டில் மனநோயைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொற்கள் வருகின்றன? அவற்றில் எதை மாற்றலாம்?

4. நம் குழுவில் ஒருவர் இரண்டு மாதம் கழித்து அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் போன் செய்வது, யார் எம்ஆர்டி நிலையத்தில் காத்திருப்பது, அன்றைக்கு அவருக்கு என்ன வேலை கொடுப்பது? பெயரோடு எழுதி வையுங்கள்.

நான்காவது கேள்விக்கான தாளைக் கூட்டம் முடிந்ததும் தூக்கிப் போட வேண்டாம். அலமாரியில் இருக்கட்டும். தேவைப்படும் நாள் வரும்.